வாய் ஓரிடம், காது ஓரிடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்ட தகப்பனாரின் சங்கடம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். விசாரித்துச் சொல்வதற்கென்று மேடைமேல் ஒருவர் நிற்கிறார். மேடையைச் சுற்றி ஐம்பது பேர் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்துக் கத்துகிறார்கள். ஐம்பது பேர் சொல்வதும் அவர் காதில் விழவில்லை. அவர் சொல்லும் பதிலும் ஐம்பது பேர் காதில் விழவில்லை. அவர் கொஞ்சம் யோசனையுள்ள மனிதராயிருந்தால் என்ன செய்வார்? "நான் பேசுவது இங்கிருந்துதான். எனக்குச் சொல்ல வேண்டியதைத் தெற்கு மூலையில் போய்ச் சொல்லுங்கள், அங்கே என் ஆள் நின்று கேட்பான்" என்பார். உடனே மேடையடி அமைதியாகிவிடும். தெற்கு மூலையில் எவ்வளவு கூச்சல் இருந்தாலும், அவர் சொல்வது மாத்திரம் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கும்.

இந்த எளிய யுக்திக்குத்தான் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் பாஷையில் 'ஸ்ப்ளிட்' என்று பெயர். ஓர் அலைவரிசையில் பேசுவது. வேறோர் அலைவரிசையில் கேட்பது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இந்தச் சிறிய விஷயத்துக்குப் பின்னால் நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதில் நம் நாட்டாருக்கும் நல்ல பங்கு உண்டு.

அமெச்சூர் ரேடியோ என்பதை ஆகாசவாணியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, உரிமம் பெற்று, ஊதியம் எதுவும் இல்லாமல், தம் வீட்டு மேஜையிலிருந்தே உலகத்தாரோடு பேசுகிறவர்கள் இவர்கள். வியாபாரச் செய்தி எதுவும் அனுப்பக்கூடாது என்பது விதி. 'ஹாம்' என்பது இவர்களுக்கு உலகம் இட்ட செல்லப் பெயர். இந்திய ஹாம்களின் அழைப்புக் குறி 'வி.யு.' என்ற எழுத்துக்களில் தொடங்கும்.

ராஜபாளையத்தில் ஒரு ஹாம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஹாம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். இருவர் கையிலும் ஐந்து வாட் சக்தியுள்ள சிறிய ஸெட். அது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் வேலை செய்வது. (அந்நாளில் இதையே மெகா சைக்கிள் என்பார்கள்.) இந்த அலைகள் ஏறக்குறைய வெளிச்சத்தின் சுபாவம் கொண்டவை. கண்ணுக்கு மறைப்பில்லாத வழியில் சுகமாகப் போகும். குறுக்கே மேடோ மில் கட்டடமோ வந்தால் திணறும். ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் கண்ணில் படுகிற மொட்டை மாடியில் நின்றால் பேச்சு கணீரென்றிருக்கும். மாடிப்படி இறங்கிக் கூடத்துக்கு வந்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

இதற்கு வழி, மலைமேல் ஒரு தூதரை நிறுத்துவது. 'ரிப்பீட்டர்' என்ற நிலையம் அந்தத் தூதர்தான். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் பண்பலை நிகழ்ச்சியைக் கேட்டுப் பழகிய தென்பாண்டிச் சீமை வீடுகளுக்கு, மலையுச்சியிலிருந்து பேசினால் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தத் தூதருக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவர் கேட்கும்போதே, கேட்டதை உரக்கத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். இரண்டையும் ஒரே அலைவரிசையில் செய்தால் அவருடைய சொந்தக் குரலே அவர் காதை அடைத்துவிடும். ஆகையால் 145.1 மெகாஹெர்ட்ஸில் கேட்டால் 145.7-இல் சொல்கிறார். வித்தியாசம் 600 கிலோஹெர்ட்ஸ். ராஜபாளையத்துக்காரர் தம் ஸெட்டில் இதற்கு நேர்மாறாகத் திருப்பி வைத்துக்கொள்கிறார்: 145.1-இல் பேச்சு, 145.7-இல் கேள்வி. பேசும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஸெட் தானாகவே 600 கிலோஹெர்ட்ஸ் இறங்கி, விட்டதும் ஏறிக்கொள்ளும்.

விருதுநகர் – தென்காசி ரயில் ஒற்றைப் பாதையில் போகிறது. எதிர் வண்டி வந்தால், ஏதாவது ஒரு ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ரிப்பீட்டர் இரட்டைப் பாதை போட்டுக்கொண்ட ஸ்டேஷன். ஆனால் அந்த இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று உரசாமல் வைப்பது லேசான காரியமல்ல. ஏரியல் ஒன்றே, அதில் பேச்சின் பலம் பல வாட், வந்து சேரும் குரலோ அதில் கோடியில் ஒரு பங்குகூட இராது. குடம் போன்ற பெரிய உலோக வடிகட்டிகளை ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்து வைத்துத்தான் வாயையும் காதையும் பிரிக்கிறார்கள். வெயிலில் உலோகம் விரிந்தால் சுருதியும் கலையும்.

இன்று இவ்வளவு பிரயாசைப்பட்டுச் செய்யும் இந்தப் பிரிவினை, ஆதியில் அமெச்சூர்களுக்கு இயற்கையாகவே வாய்த்திருந்தது. அதுதான் வேடிக்கை!

தென்னாட்டில் ரேடியோ ஆசை பிறந்தது வெகு முன்னால். சென்னையில் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16-ஆம் தேதி சென்னை ராஜதானி ரேடியோ சங்கம் ஏற்பட்டது. ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பும் தொடங்கிற்று. பணக் கஷ்டத்தால் 1927-இல் அது நின்றுபோய், யந்திரம் சென்னை நகரசபையின் கைக்குப் போனது. நகரசபை 1930-இல் மீண்டும் ஒலிபரப்ப ஆரம்பித்தது. அகில இந்திய ரேடியோ சென்னையில் வாய் திறந்ததோ 1938-இல். அதாவது சர்க்கார் வருவதற்கு முன்பே, ஆர்வம் ஒன்றையே மூலதனமாகக் கொண்ட ஜனங்கள் வந்துவிட்டார்கள்.

அக்காலத்து அமெச்சூரின் மேஜைமேல் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று அனுப்புவது, மற்றொன்று கேட்பது. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கேட்கும் பெட்டியின் குமிழைத் திருகி எந்த அலைக்கு வேண்டுமானாலும் போகலாம். அனுப்பும் பெட்டிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதன் அலைவரிசையை ஒரு சிறிய ஸ்படிகக் கல் வில்லை தீர்மானித்தது. அந்த ஸ்படிகம் எந்த வேகத்தில் துடிக்குமோ அந்த அலைவரிசையில்தான் அவர் பேச முடியும். வேறு இடம் வேண்டுமானால் வேறு கல் வாங்க வேண்டும். கல்லோ விலை அதிகம். கண்ணாடித் தகட்டின்மேல் பொடியைத் தூவி, கல்லைக் கையாலேயே தேய்த்து மெல்லியதாக்கி, அலைவரிசையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்ட கெட்டிக்காரர்களும் உண்டு. தேய்த்தால் உயரும், தேய்த்ததை மறுபடி தடிமனாக்க முடியாது. அளவு தப்பினால் கல் போயிற்று.

ஆகவே ஒருவர் தம் கல்லின் அலைவரிசையில் "யாராவது இருக்கிறீர்களா?" என்று தந்திக் குறிகளில் கூப்பிடுவார். பிறகு கேட்கும் பெட்டியின் குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் மெதுவாகத் திருகிக்கொண்டே போவார். பதில் சொல்கிறவருக்கும் ஒரே கல்தானே! அவர் தம்முடைய இடத்திலிருந்துதான் பதில் சொல்வார். எந்த இடம் என்பது கூப்பிட்டவருக்குத் தெரியாது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வறுமையினால் நேர்ந்த ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த வறுமை ஒரு நல்ல பழக்கத்தைக் கற்பித்தது. பேசியதைவிடப் பத்து மடங்கு நேரம் காது கொடுக்க வேண்டியிருந்தது.

1939-இல் யுத்தம் மூண்டது. பிரிட்டிஷ் சர்க்கார் அமெச்சூர் உரிமங்களை ரத்துச் செய்தது. இந்தியனுடைய வாயையும் காதையும் ஒருசேர அடைத்துவிட்டதாக அது நினைத்திருக்கலாம். 1942 ஆகஸ்டில் நடந்தது வேறு. "வெள்ளையனே வெளியேறு" தீர்மானத்துக்குப் பின் தலைவர்கள் எல்லோரும் சிறையில். பம்பாயில் குமாரி உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோவை அமைத்து, ஆகஸ்டு 27-ஆம் தேதி 42.34 மீட்டர் அலையில் பேச ஆரம்பித்தார்கள். போலீஸாரின் கண்டுபிடிக்கும் யந்திரங்களுக்குத் தப்ப ஜாகையை மாற்றிக்கொண்டே இருந்து, நவம்பர் 12-ஆம் தேதி பிடிபட்டார்கள். 42.34 மீட்டர் என்பதை இன்றைய கணக்கில் பார்த்தால் 7.08 மெகாஹெர்ட்ஸ் ஆகிறது. நாம் சற்றுமுன் கற்பித்துக்கொண்ட ராஜபாளையத்து ஹாம், இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே இருபது மீட்டர்க் கம்பியைக் கட்டி, காலைக் காப்பிக்குப் பின் சென்னைச் சிநேகிதரைக் கூப்பிடுகிறாரே, அதே நாற்பது மீட்டர்ப் பகுதிக்குள் அந்த அலை விழுகிறது! ஆனால் காங்கிரஸ் ரேடியோவுக்குப் பேச்சு மட்டுந்தான் உண்டு. கேட்டவர்கள் பதில் சொல்ல வழியில்லை.

யுத்தம் முடிந்தபின் பட்டாளத்து ஸெட்டுகள் பழஞ்சாமான் விலைக்கு வந்தன. உரிமங்களும் திரும்பக் கிடைத்தன. அப்போதும் பெட்டிகள் இரண்டுதான். 1950-களின் இறுதியில்தான் அமெரிக்காவில் பெரிய மாறுதல் உண்டாயிற்று. அனுப்புவதையும் கேட்பதையும் ஒரே பெட்டியில் அடக்கி, இரண்டுக்கும் ஒரே குமிழை வைத்தார்கள். மிகவும் சௌகரியமான ஏற்பாடு. யாருடைய பேச்சைக் கேட்கிறோமோ அவருடைய அலைவரிசைக்கே நம் பேச்சும் போய்விடும், தேட வேண்டியதில்லை. ஆனால் சௌகரியத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வாயும் காதும் ஒட்டிப் பிறந்த இரட்டைகள் ஆகிவிட்டன. பிரிக்க வேண்டுமானால், பக்கத்தில் இன்னொரு குமிழ்ப் பெட்டியைத் தனியாக விலை கொடுத்து வாங்கிக் கம்பி போட்டு இணைக்க வேண்டும்.

பிரிக்க வேண்டிய அவசியம் என்ன வந்தது என்று கேட்கலாம். முதலாவது காரணம் சட்டம். நாற்பது மீட்டரில் ஆசியா, ஐரோப்பாக்காரர்களுக்கு 7.0 முதல் 7.1 மெகாஹெர்ட்ஸ் வரையில்தான் இடம். அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள். அமெரிக்கர்களுக்கு 7.3 வரை இடம் இருந்தாலும், குரலில் பேச அவர்களுக்கு விட்டிருந்த இடம் நம் எல்லைக்கு வெளியே இருந்தது. ஆகவே இந்தியர் 7.1-க்குக் கீழே பேசி, "இத்தனையாவது கிலோஹெர்ட்ஸில் கேட்கிறேன்" என்று அறிவித்துவிட்டு, அங்கே போய்ப் பாட்டுக்கும் செய்திக்கும் நடுவே அமெரிக்கரின் மெல்லிய குரலைத் துழாவ வேண்டும். 2003-இல் கூடிய உலக ரேடியோ மகாநாடு 7.1 முதல் 7.2 வரையில் அமெச்சூர்களுக்கு ஒதுக்கி, 2009 மார்ச் 29 முதல் ஒலிபரப்பு நிலையங்கள் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானித்தது. அதன்பின் அந்தச் சிரமம் பெரும்பாலும் தீர்ந்தது.

இரண்டாவது காரணம், நாம் தேரோட்டத்தில் பார்த்த கூட்டம். உலகத்தின் எந்த மூலையில் ஹாம்களே கிடையாதோ, அந்த மூலையோடு பேசிவிட வேண்டும் என்பது ஹாம்களின் பித்து. அப்படிப்பட்ட தீவிலிருந்து ஒருவர் வாய் திறந்தால், ஜப்பானிலும் இத்தாலியிலும் பிரேஸிலிலுமாக ஆயிரம் பேர் ஒரே கணத்தில் அவரைக் கூப்பிடுவார்கள். எல்லோரும் அவருடைய அலைவரிசையிலேயே கூப்பிட்டால் அவர் யாருக்குப் பதில் சொன்னார் என்பதே தெரியாது. ஆகையால் அவர் "ஐந்து மேலே" என்பார். தாம் பேசும் இடத்துக்கு ஐந்து கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் கேட்கிறேன் என்று அர்த்தம். கூட்டம் அதிகமானால் "ஐந்திலிருந்து பத்து வரை" என்று இடத்தை விஸ்தரிப்பார்.

இதில் ஹாஸ்யமும் உண்டு. பொத்தானைத் தப்பாக அமுக்கிவிட்டு, தீவுக்காரர் பேசும் இடத்திலேயே போய்க் கத்துகிற ஆசாமி எப்போதும் ஒருவர் இருப்பார். உடனே அவரைத் திருத்துவதற்காக, "மேலே போ! மேலே போ!" என்று இருபது பேர் அதே இடத்தில் கத்துவார்கள். இந்தச் சுயநியமனப் போலீஸ்காரர்கள் செய்யும் இரைச்சலில் தீவுக்காரரின் குரல் அடியோடு முழுகிப்போகும். தப்புச் செய்தவர் ஒருவர். கெடுத்தவர்கள் இருபது பேர்! நம் ஊர்க் கூட்டங்களில் "சத்தம் போடாதே!" என்று சத்தம் போடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அபூர்வமான மூலைகளில் இரண்டு நம்முடையவையே. லட்சத்தீவு ஒன்று, அந்தமான் – நிக்கோபார் மற்றொன்று. பாதுகாப்புக் காரணங்களால் அங்கே அமெச்சூர் ரேடியோவுக்கு எளிதில் அனுமதி கிடைப்பதில்லை. 1987-க்குப் பிறகு பதினேழு வருஷ காலம் அந்தமானின் குரல் ஹாம்களுக்குக் கேட்கவில்லை. டில்லியைச் சேர்ந்த ஸ்ரீமதி பாரதி பிரசாத் விடாமுயற்சியால் அனுமதி பெற்று, ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு 2004 டிசம்பரில் போர்ட் பிளேரிலிருந்து பேச ஆரம்பித்தார். உலகமே அவரை நோக்கித் திரும்பியது. பதினேழு வருஷப் பசி அல்லவா! அந்தப் பேரிரைச்சலிலிருந்து ஓர் எழுத்து, இரண்டு எழுத்து என்று பொறுக்கியெடுத்து, ஒருவர் பெயர்க் குறியைப் பூர்த்தி செய்து, பதில் சொல்லி, அடுத்தவருக்குப் போவது என்பது நாள் முழுவதும் பருப்பில் கல் பொறுக்குவதைப் போன்ற வேலை. குமிழை அரை மயிரிழை நகர்த்தினால் வேறு ஐம்பது குரல்கள்.

டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி சுமாருக்குப் பூமி குலுங்கிற்று. பின்னால் கடல் வந்தது. அந்தச் சுனாமி தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் என்ன செய்தது என்பதை நாம் மறக்க முடியாது. அந்தமான் – நிக்கோபாரில் டெலிபோன்கள் செத்துப்போயின. பாரதி அம்மையார் உலகத்தாரோடு குசலம் விசாரிப்பதை நிறுத்தினார். அதே யந்திரத்தை, அதே ஏரியலை, ஆபத்துச் செய்திகளுக்குத் திருப்பினார். குழுவில் சிலர் கார் நிக்கோபாருக்குச் சென்று அங்கேயும் ஒரு நிலையம் அமைத்தார்கள். உயிரோடிருக்கிறோம் என்ற ஒரு வார்த்தைக்காக மறுகரையில் காத்திருந்த குடும்பங்களுக்கு இந்த வழியாகச் செய்தி போயிற்று. அந்தமானில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால், இது நமக்குத் தூரத்து விஷயமல்ல.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். ஆபத்துச் செய்தி போகும்போது விதி தலைகீழாக மாறுகிறது. மேலே போய்க் கூப்பிடுவதற்கும் இடமில்லை. எல்லோரும் பேசாமல் இருக்க வேண்டும். மூன்று வாரமாக இரைச்சலுக்கு நடுவே இரண்டெழுத்தைப் பிடித்துப் பழகிய காதுக்கு, நிக்கோபாரிலிருந்து ஈனஸ்வரத்தில் வரும் ஒரு பெயரைப் பிடிப்பது எவ்வளவு சுலபமாயிருந்திருக்கும்! அந்தப் பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

யந்திரங்களைக் கடையில் வாங்குவதும் நமக்கு அப்போதெல்லாம் எளிதாயிருக்கவில்லை. அந்நிய ஸெட்டுகளின் விலை மாதச் சம்பளக்காரருக்கு எட்டாதது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸ்ரீ அஷர் பர்ஹான் 'பிட்எக்ஸ்' என்ற ஸெட்டை, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே கட்டும்படி வகுத்தார். காந்த வளையம் கிடைக்காவிட்டால் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷர்மேல் கம்பியைச் சுற்றிக்கொள்ளலாம் என்றார்! உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கட்டினார்கள். ஆனால் அதில் குமிழ் ஒன்றே; வாயையும் காதையும் பிரிக்க முடியாது. 2017-இன் இறுதியில் வந்த 'மைக்ரோ பிட்எக்ஸ்' ஸெட்டில் நகத்தளவு சில்லு ஒன்று ஸ்படிகத்தின் வேலையைச் செய்கிறது. எத்தனை அலைவரிசை வேண்டுமானாலும் கண நேரத்தில் மாற்றிக் கொடுக்கிறது. ஒரு காலத்தில் கல்லைத் தேய்த்துத் தேய்த்து அடைந்ததை, தனிப் பெட்டி வாங்கிப் பெற்றதை, இப்போது கட்டளை ஒன்றில் பெற்றுவிடலாம்.

வானத்திலும் நம்மவர் ஒரு தூதரை வைத்தார்கள். 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ராக்கெட்டில் 42.5 கிலோ எடையுள்ள 'ஹாம்ஸாட்' என்ற சிறு துணைக்கோள் இருந்தது. 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கேட்டு, 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் திருப்பிச் சொல்வது அதன் வேலை. அதில் இரண்டு தூதுக் கருவிகள். ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றொன்று ஹாலந்து தேசத்து மாணவர் ஒருவர் செய்தது. தலைக்கு மேல் வந்துபோகும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். அது அதிவேகமாக ஓடுவதால், ரயில் வரும்போதும் போகும்போதும் ஊதல் ஒலி மாறுவதைப் போல அலைவரிசையும் நழுவும். அனுப்பும் பக்கத்தில் பத்து கிலோஹெர்ட்ஸ் வரையில்கூட விலகும். ஒரு கையால் ஏரியலைத் திருப்பிக்கொண்டு, மறு கையால் குமிழைத் திருகிக்கொண்டு, இடையில் பேசவும் வேண்டும். 2014 வரையில் அது உழைத்தது.

இப்போது கம்ப்யூட்டரும் இந்த வேலைக்கு வந்துவிட்டது. பௌதிகத்துக்காக 1993-இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் மற்றொருவரும் 2017-இல் வெளியிட்ட 'எஃப்.டி.8' முறையில், மனிதக் காதுக்கு எட்டாத மெல்லிய குறிகளை யந்திரமே படிக்கிறது. அதில் 'நரி, வேட்டைநாய்' என்று ஓர் ஏற்பாடு. அபூர்வத் தீவுக்காரர் நரி, கூப்பிடுகிறவர்கள் வேட்டைநாய்கள். நாய்கள் மேல்பகுதியில் மட்டும் குரைக்கலாம். நரி பதில் சொன்ன நாய் மட்டும், கீழே தானாக இறக்கிவிடப்படும். "மேலே போ!" என்று கத்தும் போலீஸ்காரருக்கு வேலையில்லை. எனக்கென்னவோ, அந்தக் கத்தலும் இல்லாத கூட்டம் கொஞ்சம் உப்புச் சப்பற்றதாகத்தான் தோன்றுகிறது.

2018 நவம்பரில் கத்தார் தேசத்தின் துணைக்கோள் ஒன்று அமெச்சூர்களுக்கான தூதுக் கருவியையும் சுமந்துகொண்டு போய், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே அசையாமல் நின்றது. அது கேட்பது 2,400 மெகாஹெர்ட்ஸ் பகுதியில். சொல்வது 10,489 மெகாஹெர்ட்ஸ் பகுதியில். வாய்க்கும் காதுக்கும் நடுவே இவ்வளவு தூரம் எந்தக் காலத்து அமெச்சூரும் கனவு கண்டிருக்கமாட்டார். அனுப்புவதற்கு நம் சர்க்காரின் உரிமம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறது என்பதை முதலில் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு வீட்டு டெலிவிஷன் தட்டுப் போன்ற ஒரு தட்டே போதுமானது.

ராஜபாளையத்து மாடியிலிருந்து அந்தத் தட்டை ஏறக்குறைய நேர் மேற்கே, முப்பது பாகை உயரத்துக்குத் திருப்ப வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடு கீழேயே நின்றுவிடும், மறைக்காது. அப்படிப் பேசுகிறவருக்குத் தம் சொந்தக் குரலே கால் விநாடி கழித்து வானத்திலிருந்து காதில் விழும். முதல் தடவை பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறார்களாம்.